அந்தப் பானை ஓடு எப்படி நிற்கிறது?

எட்டாம் வகுப்பு மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கருப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் கீறியிருந்த தமிழி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு மாணவன், "சார், அது எப்படி சார் விழாம நிக்குது?" என்று கேட்டான்.

எழுத்தைப் பற்றிக் கேட்கவில்லையே என்று முதலில் சற்று ஏமாற்றமாக இருந்தது. பிறகு அவன் நின்ற இடத்துக்குப் போய் நானும் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். ஓட்டின் பின்னால் மெல்லிய உலோகக் கம்பி ஒன்று இருந்தது. அதிலிருந்து கீழ் விளிம்புக்கு இரண்டு சிறிய வளைவுகள், மேல் விளிம்புக்கு ஒன்று. மூன்றிலும் ஓட்டின் நிறத்திலேயே வண்ணம் தீட்டியிருந்தார்கள். கருப்புப் பகுதியைத் தொடும் இடத்தில் கருப்பு. சிவப்புப் பகுதியைத் தொடும் இடத்தில் செம்மண் நிறம். பத்து நிமிடமாக அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது படவில்லை.

அருங்காட்சியகத்தில் பணியாற்றுபவர்கள் இதை 'மவுண்ட்' என்பார்கள். நாம் தாங்கி என்று சொல்லலாம். கடையில் வாங்கும் பொருள் அல்ல இது. ஒவ்வொரு ஓட்டுக்கும், ஒவ்வொரு சிலைக்கும், ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்வது. பெரிய அருங்காட்சியகங்களில் இதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பொற்கொல்லரின் கை, தச்சரின் கணக்கு, வேதியியல் ஆசிரியரின் எச்சரிக்கை மூன்றும் வேண்டிய வேலை.

அந்த மாணவனின் கேள்வி என்னைத் தைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு.

கழுத்தில் கட்டிய கம்பி

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்காகப் பழம்பொருள் கண்காட்சி வைத்தோம். மாணவர்கள் வீட்டிலிருந்து உழக்கு, மரக்கால், பாக்குவெட்டி, ஓலைச்சுவடி எனக் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவியின் பாட்டி தன் அம்மா விதை போட்டு வைத்திருந்த மண் கலயத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். உருண்டை அடி. மேசையில் வைத்தால் சாய்ந்தது. நான்தான் கட்டுக் கம்பியை அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, பின்னால் இருந்த பலகையின் ஆணியில் மாட்டினேன். அசையாமல் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் கலயத்தின் கழுத்து மட்டும் கம்பியோடு ஆணியில் தொங்கியது. கலயம் தரையில் கிடந்தது.

பாட்டியிடம் சொல்லப் போனேன். "மண்ணுதான சார், போவுது" என்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அவர் காபி போடப் போனபோது அடுப்படியைப் பார்த்தேன். அதே போன்ற இன்னொரு கலயம் வைக்கோல் பிரிமணையின் மேல் உட்கார்ந்திருந்தது. கழுத்தை யாரும் பிடிக்கவில்லை, கட்டவில்லை. அடியைச் சுற்றிலும் வைக்கோல் வளையம் ஏந்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் ஒரு நாள் முழுக்க யோசித்துச் செய்த தவறுக்கான விடை அந்த அடுப்படியில் எப்போதும் இருந்திருக்கிறது.

பிரிமணை நம்மிடம் வெகுகாலமாக இருக்கும் தாங்கி. தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமக்குழிகளில் உருண்டை அடி கொண்ட பாண்டங்களுடன், அவற்றை அமர்த்தி வைக்கும் சுடுமண் வளையத் தாங்கிகளும் கிடைக்கின்றன. உருண்டை அடி வெப்பத்தைச் சீராக வாங்கும். அடுப்பின் மூன்று கல்லுக்கு நடுவில் நன்றாகப் பொருந்தும். இடுப்பில் இடுக்கவும் வசதி. சமதளத்தில் நிற்காது என்ற ஒரே குறையைப் பானையை மாற்றாமல், பானைக்கு ஏற்ற வளையம் செய்து தீர்த்திருக்கிறார்கள். பொருளில் கை வைக்காமல் தாங்குவதைப் பொருளுக்கு ஏற்றபடி செய்வது: இன்றைய உலோகத் தாங்கியும் இதே வழியில்தான் செய்யப்படுகிறது.

எடையைத் தாங்குவது வேறு, சாயாமல் காப்பது வேறு

தாங்கிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பொருளின் எடையைக் கீழிருந்து ஏந்துவது. மற்றொன்று, பொருள் முன்னாலோ பக்கத்திலோ சாயாமல் பார்த்துக்கொள்வது. முதல் வேலையைச் செய்யும் பகுதியை இருக்கை என்றும், இரண்டாவதைச் செய்யும் பகுதியை விரல் என்றும் வைத்துக்கொள்வோம். கலயத்தில் நான் செய்தது என்ன? விரல் செய்ய வேண்டிய இடத்தில் இருக்கையின் வேலையைக் கொடுத்துவிட்டேன். பானையின் மிக மெல்லிய, ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்த கழுத்து, முழு எடையையும் சுமந்தது.

நன்றாகச் செய்த தாங்கியில் விரல் பொருளை அழுத்துவதே இல்லை. தொட்டும் தொடாமலும் நிற்கும். ஒரு துண்டுத் தாளை விரலுக்கும் பொருளுக்கும் நடுவே செருகினால் அது நழுவி வெளியே வர வேண்டும். தாள் சிக்கிக்கொண்டால் விரல் இறுகிவிட்டது என்று பொருள். பொருளை அதன் இடத்தில் வைத்திருப்பது புவியீர்ப்பு விசைதான். அதனால்தான் பெரும்பாலும் பொருளைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். எடை தானாகவே பின்னால் உள்ள முதுகுக் கம்பியில் போய்ச் சாயும். முன்னால் உள்ள விரலுக்கு வேலை குறையும்.

ஈர்ப்பு மையம் எங்கே என்று தெரியாமல் இதைச் செய்ய முடியாது. பானை ஓடு ஒழுங்கான வடிவத்தில் இருக்காது. ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்திருக்கும். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு விழ வேண்டும். வெளியே விழுந்தால் ஓடு திரும்பிவிடும். பத்தாம் வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதும் விசையின் திருப்புத்திறன் இங்கே ஒரு ஓட்டின் உயிர்ப் பிரச்சினை.

கம்பி வளையும் வரிசை

அருங்காட்சியகத்தில் பார்த்த அந்த ஓட்டையே எடுத்துக்கொள்வோம். அதைப் போன்ற ஒன்றுக்குத் தாங்கி செய்பவர் முதலில் உலோகத்தைத் தொடுவதில்லை. ஓட்டை மெத்தென்ற விரிப்பில் வைத்து வெகுநேரம் பார்க்கிறார். எங்கே விரிசல், எங்கே மேற்பூச்சு பெயர்கிறது, எங்கே முன்பே ஒட்டியிருக்கிறார்கள், எந்த விளிம்பு கெட்டியானது? எடை போட்டு, படம் எடுத்து, குறித்துக்கொள்கிறார். எழுத்தின் மேலோ பழைய ஒட்டின் மேலோ எந்த விரலும் வரக் கூடாது. அடுத்து, எந்தக் கோணம் என்பது. கீறல் எழுத்து ஆழம் குறைந்தது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் தெரியும். பார்ப்பவர் பெரியவரா, ஐந்தாம் வகுப்புக் குழந்தையா என்பதையும் பொறுத்துச் சாய்வு மாறும். இந்த முடிவைப் பெரும்பாலும் காட்சிப் பொறுப்பாளர், பாதுகாப்பு வேதியியலாளர், தாங்கி செய்பவர் மூவரும் சேர்ந்து எடுக்கிறார்கள்.

பிறகு மாதிரி. ஓட்டின் வடிவத்தைத் தாளில் வரைந்து, வளைவுகளை அட்டையில் வெட்டி ஒத்துப்பார்த்து, கையால் வளையும் மிருதுவான கம்பியில் ஒரு போலித் தாங்கி செய்கிறார். உண்மையான வேலை முழுக்க இந்தப் போலியைப் பார்த்துத்தான் நடக்கும். ஓடு பத்திரமாகப் பெட்டிக்குள் போய்விடும்.

சிறிய, நடுத்தரப் பொருள்களுக்கு அதிகம் பயன்படுவது பித்தளைக் கம்பி. ஏன் பித்தளை? எளிதில் வளையும், அரத்துக்கு நன்றாக இடம்கொடுக்கும், பற்றவைக்கலாம், துருப்பிடிக்காது. வளைத்து வளைத்து வேலை செய்யும்போது பித்தளை கெட்டிப்பட்டு முரண்டு பிடிக்கும். அப்போது மங்கலான சிவப்பு நிறம் வரும்வரை தீயில் காட்டி ஆறவிட்டால் மறுபடி இளகும். இங்கே மாணவர்களிடம் கேட்கத் தகுந்த ஒன்று இருக்கிறது. கொல்லுப் பட்டறையில் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கெட்டிப்படும். பித்தளையைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது இளகியே இருக்கும். ஒரே செயல், இரண்டு உலோகம், நேர் எதிரான விளைவு. எஃகில் கார்பன் இருப்பதால் திடீரெனக் குளிரும்போது அதன் படிக அமைப்பே மாறிவிடுகிறது. பித்தளையில் அப்படி மாறுவதற்கு எதுவும் இல்லை.

முதுகுக் கம்பியோடு இருக்கைகளையும் விரலையும் சேர்ப்பது வெள்ளி கலந்த பற்றாசு. நம் ஊர்ப் பொற்கொல்லர் 'பொடி வைத்து ஊதுவது' என்று சொல்லும் அதே வேலைதான். வெண்காரமும் அதே வெண்காரம். பித்தளை சுமார் 900 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். வெள்ளிப் பற்றாசு அதற்கு 200 டிகிரி அளவு முன்னாலேயே உருகி இடுக்கில் பாய்ந்துவிடும். அந்த இடைவெளிக்குள் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கம்பியே வழிந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: பற்றவைத்த இடத்துக்கு அருகே பித்தளை இளகிப்போகும். எடை ஏந்தும் இருக்கை இளகினால் நாளடைவில் தொங்கும். அதனால் இருக்கைக்குத் தடித்த கம்பி, விரலுக்கு மெல்லிய கம்பி. கனமான வெண்கலத்துக்கும் கல்லுக்கும் பித்தளை போதாது. எஃகு, குறிப்பாகத் துருப்பிடிக்காத எஃகு.

பற்றவைத்த பிறகு வெண்காரத்தின் மிச்சத்தைச் சுத்தமாகக் கழுவி, முனைகளை அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்து, பொருளோடு ஒத்துப்பார்க்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் தாங்கியை அகற்றி, தள்ளிக் கொண்டுபோய் வளைத்து, மறுபடி கொண்டுவந்து பார்க்க வேண்டும். பொருளின் மேல் வைத்தபடியே குறட்டால் ஒரு நெம்பு நெம்பினால் வேலை சீக்கிரம் முடியும். அந்த ஒரு நெம்பில்தான் விளிம்பும் உடையும். ஒரு விரல் சரியாக வர பத்து முறை போய்வருவது சாதாரணம். பார்க்கப் பொறுமையாகத் தெரியும் இந்த வேலையில் பாதி நேரம் இப்படி நடப்பதிலேயே போகிறது.

மூன்று விரல் இருந்தால் அவற்றில் ஒன்று மட்டும் கழற்றக்கூடியதாகவோ திறக்கக்கூடியதாகவோ இருக்கும். அதுதான் வாசல். தாங்கியின் அடித்தகட்டில் பொருளின் பதிவெண்ணையும், எந்த விரலை முதலில் திறக்க வேண்டும் என்பதையும் குறித்துவைப்பது நல்ல வழக்கம். முப்பது ஆண்டு கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர் இன்று பிறந்திருக்கக்கூட மாட்டார்.

கடைசியாக வண்ணம். அந்த மாணவன் பார்த்து நான் பார்க்காமல் விட்ட வேலை.

வெள்ளிக் கொலுசும் ரப்பர் பேண்டும்

உலோகம் நேராகப் பொருளைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு மெத்தை வேண்டும். மெத்தைக்கு எதை வைப்பது என்பதில்தான் பல பேர் தவறுகிறார்கள். விழுந்து உடைவது ஒரு நொடி; இது ஆண்டுக்கணக்கில், சத்தமில்லாமல் நடக்கும்.

வெள்ளிக் கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்துப் பாருங்கள். சில மாதங்களில் பேண்டு இருந்த இடம் கறுத்திருக்கும். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்க்கிறார்கள். அது வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. ஒட்டுப்பலகையிலிருந்தும் பச்சை மரத்திலிருந்தும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள் வரும். ஈயப் பொருள்கள் அதில் வெள்ளையாகப் பூத்து அரிந்துபோகும். மின்கம்பியின் மேல் உறையாக வரும் பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும். குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் பழைய வெண்கலத்துக்கு ஆபத்து. வெளிர்பச்சைத் தூளாக உதிரத் தொடங்கும். அருங்காட்சியகத்தார் அதற்கு வெண்கல நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பொருள் பாதுகாப்பானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் எளிய சோதனை ஒன்றை வகுத்தார். சோதிக்க வேண்டிய துணியையோ நுரையையோ கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, சிறிது தண்ணீரும் வைத்து, வெள்ளி, செம்பு, ஈயம் ஆகிய மூன்று உலோகத் துண்டுகளையும் உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். 60 டிகிரி செல்சியசில் 28 நாள். பக்கத்திலேயே, துணி இல்லாமல் உலோகம் மட்டும் வைத்த இன்னொரு குடுவை. முடிவில் இரண்டையும் ஒப்பிட்டால் போதும். மூன்று உலோகங்களும் மூன்று ஒற்றர்கள்: வெள்ளி கந்தகத்தைக் காட்டிக்கொடுக்கும், ஈயம் அமில ஆவியை, செம்பு குளோரைடு போன்றவற்றை. இன்றும் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் இச்சோதனை ஆடியின் பெயராலேயே நடக்கிறது. ஒப்பீட்டுக் குடுவை எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

தேறிவரும் பொருள்களில் பாலிஎத்திலீன் நுரையும், சாயமேற்றாத பாலியெஸ்டர் துணியும் முக்கியமானவை. நம் பள்ளி அளவில், புதிய தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளும், கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியும் போதும்.

சுவரில் புதைந்த சிற்பங்கள்

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அங்கே அமராவதி பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றைச் சுவரோடு சேர்த்துக் காரையால் பதித்தார்கள். கனமான பலகைக் கற்கள். விழாமல் நிற்க வேண்டும். சுவரில் பதித்தால் உறுதி. அன்றைய கணக்கு அதுதான். உறுதியாகத்தான் நின்றன. ஆனால் சுவரின் ஈரம் கல்லுக்குள் ஏறும்போது காரையில் உள்ள உப்பையும் கரைத்து எடுத்துச் செல்கிறது. ஈரம் காயும்போது உப்பு படிகமாகி, கல்லின் மேற்பரப்பை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. நம் வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து விழுவதும் இதனால்தான். சுவருக்கு மறுபூச்சுப் பூசலாம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய உளிவேலைக்கு?

கல்லின் பின்பக்கத்தையும் யாரும் பார்க்க முடியாமல் போயிற்று. வெளியே எடுக்கலாம் என்றால், காரையைப் பெயர்க்கும்போது கல்லுக்கும் அடி விழும். ஒரு தாங்கியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு உறுதி என்பதல்ல, பொருளுக்கு எதுவும் ஆகாமல் அதைக் கழற்ற முடியுமா என்பதே எனச் சொல்லத் தோன்றுகிறது. பசை, சிமென்ட், துளையிட்டுத் திருகாணி எல்லாம் இந்தக் கேள்வியில் தோற்றுப்போகும்.

நம் உற்சவத் திருமேனிகள் இதில் ஜெயிக்கும். சோழர்கால வெண்கலத் திருமேனிகளின் பீடத்தைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீதியுலாவின்போது கம்பு செருகிக் கட்டுவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். வார்த்த ஸ்தபதியே தாங்கும் வழியையும் சேர்த்து வார்த்திருக்கிறார். விழா முடிந்ததும் கம்பை உருவிவிடலாம். சிலையில் ஒரு கீறல் விழாது.

தானாகத் திரும்பிய சிலை

2013இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஒரு வேடிக்கை. நெப்-செனு என்பவரின் சிறிய எகிப்தியக் கற்சிலை, சுமார் 25 செ.மீ. உயரம், கி.மு. 1800ஐ ஒட்டியது. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இது தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கேமரா வைத்துப் பதிவு செய்ததில், பகல் நேரத்தில் மெல்ல மெல்லச் சுழன்று முதுகைக் காட்டுவது தெரிந்தது, இரவில் அசையவில்லை. சாபம், ஆவி என்றெல்லாம் செய்தி பரவியது. பின்னர் அதிர்வை அளந்து பார்த்தார்கள். வெளியே போகும் வாகனங்களும் உள்ளே நடக்கும் பார்வையாளர்களும் ஏற்படுத்திய அதிர்வுதான் காரணம். சிலையின் அடிப்பகுதி சமமாக இல்லாமல் சற்றுப் புடைத்திருந்ததால் அது மட்டும் திரும்பியது. இரவில் ஏன் திரும்பவில்லை என்பதற்கும் விடை அதிலேயே இருக்கிறது. இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தி, மாணவர்களையே கருதுகோள் சொல்லச் சொல்லலாம். ஆவியில் தொடங்கி வாகனத்தில் வந்து சேர ஒரு பாடவேளை போதும்.

நிலநடுக்கப் பகுதிகளில் இந்த வேலை இன்னும் கடுமையாகிவிடும். 2001 ஜனவரி 26இல் குஜராத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் புஜ் நகரின் கட்ச் அருங்காட்சியகமும் சேதமடைந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகம் பல பத்தாண்டுகளாக நிலநடுக்கத்தைத் தாங்கும் தாங்கிகளைச் செய்துவருகிறது. தரை அசையும்போது சிலை அதனோடு சேர்ந்து குலுங்காமல் இருக்க, பீடத்துக்கு அடியில் பக்கவாட்டில் நகரும் தனி அமைப்பைப் பொருத்துகிறார்கள். நம் பள்ளி அலமாரிக்கு எதிரி அவ்வளவு பெரியதல்ல: இடைவேளை மணி அடித்ததும் தாழ்வாரத்தில் ஓடும் இருநூறு கால்கள்.

பள்ளியில் செய்து பார்க்க

முதலில் ஓர் எச்சரிக்கை. வயலிலோ கட்டுமானக் குழியிலோ பழைய பானை, நாணயம், சிலை கிடைத்தால் அது பள்ளி அலமாரிக்கு வர வேண்டிய பொருள் அல்ல. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் வழி காட்டுவார்கள். நமக்கு வீட்டுப் பொருள்களே போதும். பழகுவதற்கு உடைந்த ஓடும் சங்கும் கொட்டாங்கச்சியும் தாராளம்.

உடைந்த நாட்டு ஓட்டுத் துண்டு ஒன்றைத் தாளில் வைத்து வரைந்து, அதே வடிவத்தில் கெட்டி அட்டையை வெட்டச் சொல்லுங்கள். அட்டையை ஓர் ஊசியில் தொங்கவிட்டு, நூல் குண்டு கட்டி, கோடு போட வேண்டும். வேறொரு முனையில் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் ஈர்ப்பு மையம். உண்மையான ஓடு சீரான தடிமனில் இராததால் அதன் மையம் சற்றுத் தள்ளியிருக்கும். எந்தப் பக்கம் என்று ஊகிக்கட்டும். பிறகு மின்சாதனக் கடையில் 4 சதுர மி.மீ. ஒற்றைச் செம்புக் கம்பி வாங்கி, மேல் உறையை முழுவதும் உரித்துவிட்டு (அது பி.வி.சி. என்பதை மாணவர்களே சொல்வார்கள்), குறட்டால் வளைத்து இரண்டு இருக்கை, ஒரு விரல் கொண்ட தாங்கி செய்யலாம். பற்றவைக்க வேண்டாம், ஒரே கம்பியை மடக்கி மடக்கியே இதைச் செய்ய முடியும். தண்டை மரக்கட்டையில் துளையிட்டு நிறுத்தலாம். தொடும் இடங்களில் நுரைத்தாள். கையில் இலேசாக இருக்கும் பொருளுக்கு மட்டுமே இது. கனமானதை இப்படி நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

செய்து முடித்ததும் ஒரு பலகையில் வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்கி, எத்தனை டிகிரியில் ஓடு நழுவுகிறது என்று கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். கீழே மடித்த போர்வை இருக்கட்டும். ஒவ்வொரு குழுவும் தன் தாங்கியைத் திருத்தித் திருத்தி அளவைக் கூட்டப் பார்க்கும். அப்போது விரலை இறுக்கிவிடும் குழு நிச்சயம் ஒன்று இருக்கும். தாள் துண்டைச் செருகிப் பார்க்கும் சோதனையை அந்த நேரத்தில் சொன்னால் போதும், முன்பே சொல்ல வேண்டாம். ஊரில் பொற்கொல்லர் இருந்தால் ஒரு மணி நேரம் அழைத்து வாருங்கள். தீ அவர் கையில். மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். பற்றாசு இடுக்கில் பாயும் அந்த ஒரு கணத்தைப் பார்த்தவர்களுக்கு உருகுநிலை மறக்காது.

அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு அந்தப் பாட்டியிடம் மறுபடி போனோம். இந்த முறை மாணவிகள் போனார்கள். நான் வாசலில் நின்றுகொண்டேன். அடுப்படியில் இருந்த கலயத்தைப் பிரிமணையோடு சேர்த்தே வாங்கி வந்தார்கள். பிரிமணைக்கு அடியில் சதுரப் பலகை, அதன் நான்கு மூலையிலும் பிரிமணை நகராமலிருக்கச் செம்புக் கம்பியில் நான்கு விரல்கள். கலயத்தை எதுவும் தொடவில்லை. வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் நான்கு பக்கமும் படம் எடுத்து, பாட்டியிடம் காட்டி, நோட்டில் அவர் கைநாட்டும் வாங்கினார்கள். கலயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோன பாட்டி, அன்று மாலையே அதில் பாகல் விதையைப் போட்டு வைத்துவிட்டதாகப் பேத்தி வந்து சொன்னாள்.